இரண்டு வீட்டுக்காரர்கள்

(‘குடும்பத்துக்கு ஏற்ற பெரிய கார் – மின்சாரமா? பெட்ரோலா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘பெட்ரோலே!’ அணியில் இரண்டாவதாகப் பேசியது)



எனக்கு முன்னாலே பேசிய எதிரணிச் சகோதரி ரொம்ப அழகாப் பேசினாங்க. கைதட்டல் வாங்கினாங்க. நானும் தட்டினேன். என்ன சொன்னாங்க? ‘மின்சாரக் கார் நேத்து வந்ததில்லே ஐயா, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே உண்டு. ஊருக்கெல்லாம் பெட்ரோல் காரை வித்த ஹென்றி ஃபோர்டோட சம்சாரம் கிளாரா அம்மாவே ஓட்டினது மின்சாரக் கார்தான்’ அப்படீன்னு ஒரு போடு போட்டாங்க. நடுவர் ஐயாவே நிமிர்ந்து உட்கார்ந்துட்டார்.

உண்மைதான் ஐயா. நான் இல்லேன்னு சொல்ல வரலே. ஃபோர்ட் 1908ஆம் வருஷம் மாடல் டி காரைக் கொண்டு வந்தார். அதைக் கிளப்பணும்னா முன்னாலே போய் நின்னு ஒரு கம்பியைச் செருகிக் கைபலம் கொண்ட மட்டும் சுத்தணும். இன்ஜின் திடீர்னு பின்னாலே உதைச்சா மணிக்கட்டு போயிடும். மின்சாரக் காருக்கு அந்தத் தொல்லை இல்லே, உட்கார்ந்தா கிளம்பும். அதனாலே கிளாரா அம்மா டெட்ராய்ட் எலெக்ட்ரிக்னு ஒரு காரை ஓட்டினாங்க. வீட்டுக்காரர் விக்கிற சரக்கை வீட்டம்மா வாங்கலே! நம்ம ஊர்லே மட்டும் என்ன? ஓட்டல் முதலாளி மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத்தானே போறார்! (சிரிப்பு)

ஆனா சகோதரி கதையைப் பாதியிலே நிறுத்திட்டாங்க. மீதியை நான் சொல்றேன். ஃபோர்ட் குடும்பம் டியர்பார்ன்லே ரூஜ் ஆத்தங்கரை ஓரமா ஒரு பெரிய மாளிகை கட்டுச்சு. ஃபேர் லேன்னு பேர். அந்த மாளிகைக்குப் பக்கத்திலேயே, ஆத்துத் தண்ணியை வெச்சுக் கரெண்ட் எடுக்கிறதுக்கு, சொந்தமா ஒரு பவர் ஹவுஸ் கட்டிக்கிட்டாங்க. அதுக்கு அடிக்கல் வெச்சது யார் தெரியுமா? தாமஸ் ஆல்வா எடிசன்! ஐயா, எடிசன் வந்து அடிக்கல் வெச்ச பவர் ஹவுஸ் கொல்லைப்பக்கம் இருந்தா, நானும் மின்சாரக் கார்தான் வாங்குவேன்! (பலத்த கைதட்டல்)

எனக்குப் பவர் ஹவுஸ் இல்லீங்க. எனக்கு இருக்கிறதெல்லாம் ஹவுஸ் ஓனர்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னொண்ணையும் சொல்லிடறேன். 1912லே கெட்டரிங்னு ஒரு இன்ஜினீயர் பண்ணின வேலையாலே காடிலாக் கார்லே செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்துச்சு. கம்பி சுத்துற வேலை போச்சு. அதோட மின்சாரக் காருக்கு இருந்த பெரிய கவர்ச்சியும் போச்சு. பெட்ரோல் காரு மின்சாரக் காரை ஜெயிச்சது எதை வெச்சு? ஒரு சின்ன மின்சார மோட்டாரை வெச்சு! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணு வீட்டு நகையைப் போட்டுக்கிட்டே பெருமை பேசற மாதிரி. அது போகட்டும்.

நான் ஒரு வங்கியிலே கடன் பிரிவிலே வேலை பார்க்கிறவ. தாம்பரத்துக்குப் பக்கத்திலே ரெண்டாவது மாடியிலே வாடகைக்குக் குடியிருக்கோம். நான், என் வீட்டுக்காரர், மாமியார், ரெண்டு பிள்ளைங்க. அஞ்சு பேரு, ஊருக்குப் போனா அஞ்சு பேரோட அரிசி மூட்டை, தேங்காய் மூட்டை. அதனாலே கொஞ்சம் உசரமான, பெரிய வண்டி வாங்கலாம்னு பேச்சு வந்துச்சு. இப்போ எஸ்யூவின்னு சொல்றாங்களே, காட்டுலே மேட்டுலே ஏறற வண்டி. நாம ஏறப்போற மேடு என்ன? நம்ம தெருவிலே ரோடு போடப் போட உசர்ந்துக்கிட்டே போகுதே, அந்த மேடுதான். (சிரிப்பு)

என் வீட்டுக்காரருக்கு மின்சார வண்டி மேலேதான் ஆசை. சத்தமே இல்லே, கியர் இல்லே, கால் வெச்சா பறக்குதுன்னு கடையிலே ஓட்டிப் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் அதையே பேசினார். சரி, ஆசைப்பட்டுட்டார், வாங்கிடலாம்னு நானும் இறங்கி வந்தேன். ஆனா பாருங்க, நம்ம தமிழ்லே ஒரு கஷ்டம். வாடகைக்குக் குடியிருக்கிற பொம்பளைக்கு ரெண்டு வீட்டுக்காரர். என்னைக் கட்டின வீட்டுக்காரர் ஒருத்தர். வீட்டைக் கட்டின வீட்டுக்காரர் இன்னொருத்தர். என்னைக் கட்டினவர் சம்மதிச்சுட்டார். வீட்டைக் கட்டினவர் சம்மதிக்கணுமே! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

போய்க் கேட்டோம். ‘ஐயா, கீழே படிக்கட்டுப் பக்கத்திலே ஒரு ப்ளக் பாயிண்ட் போட்டுக்கலாமா? ராத்திரியிலே காருக்குச் சார்ஜ் போடணும்.’ அவர் நல்ல மனுஷன்தான். கோபப்படலே. கேள்விதான் கேட்டார். ‘எவ்வளவு நேரம் போடணும்மா?’ நான் கணக்குச் சொன்னேன். 45 யூனிட் பிடிக்கிற பேட்டரி. வீட்டு 15 ஆம்பியர் ப்ளக்லே மணிக்கு மூணு யூனிட் போகும். காலியிலேருந்து நிரப்பணும்னா பதினஞ்சு மணி நேரம். அவர் முகம் ஒரு மாதிரி ஆச்சு. ஒன்றரை டன் ஏ.சி.யை அஞ்சு ராத்திரி ஓட்டினா ஆகிற கரெண்ட்டை இந்த அம்மா ஒரே மூச்சுலே உறிஞ்சப் போறாளேன்னு! ‘தினமும் காலியாகாதுங்க, அஞ்சு நாளைக்கு ஒரு தரம், பத்து நாளைக்கு ஒரு தரம் போட்டாப் போதும்’னு சொன்னேன். ‘சீக்கிரம் ஏத்தறதுக்கு 7 கிலோவாட் பெட்டி ஒண்ணு இருக்குங்க, ராத்திரி படுத்து எழுந்திரிக்கிறதுக்குள்ளே முடிஞ்சிடும்’னு என் வீட்டுக்காரர் குறுக்கே புகுந்தார். அதுக்கு வீட்டுக்குள்ளே வர்ற கரெண்ட் லோடையே கூட்டணும். மின்வாரியத்துக்கு விண்ணப்பம் போடணும். யார் போடணும்? இணைப்பு யார் பேர்லே இருக்கோ அவர் போடணும். வாடகைக்கு இருக்கிறவ போட முடியாது. அவர் யோசிச்சுட்டு ஒரே வார்த்தை கேட்டார்: ‘ஏம்மா, நீங்க எத்தனை வருஷம் இங்கே இருப்பீங்க?’

என்ன பதில் சொல்றது ஐயா? எங்க ஒப்பந்தம் பதினோரு மாசம்!

எதிரணித் தலைவர் பேராசிரியர் எழுந்து பெருமையாச் சொன்னார்: ‘பேட்டரிக்கு எட்டு வருஷம், 1,60,000 கிலோமீட்டர் வரைக்கும் உத்தரவாதம் கொடுக்கிறாங்க’ன்னு. நிஜம். கொடுக்கிறாங்க. பேட்டரிக்கு எட்டு வருஷம் உத்தரவாதம். அதைச் சொருகுற ப்ளக்குக்குப் பதினோரு மாசம்தான் உத்தரவாதம்! அடுத்த வீட்டுக்காரர் என்ன சொல்வார்னு எந்தக் கம்பெனி எழுதிக் கொடுக்கும்? (கைதட்டல்)

உடனே தம்பி ஒருத்தர் அங்கே சிரிக்கிறார். ‘அடுக்குமாடிக்கெல்லாம் சட்டம் வந்தாச்சே’ன்னு. வந்திருக்கு தம்பி. 2019லே மத்திய அரசு மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, வண்டி நிறுத்துற இடத்திலே அஞ்சிலே ஒரு பங்குக்குச் சார்ஜ் வசதி வேணும்னு சொல்லியிருக்கு. நல்ல விஷயம். அது இனிமே கட்டற கட்டடத்துக்கு. நான் குடியிருக்கிற கட்டடம் கட்டும்போது சார்ஜ் போடறதுன்னா டார்ச் லைட்டுக்குக்கூட இல்லே, செல்லுதான் மாத்துவாங்க. அந்தக் கட்டடத்துலே கார் நிறுத்தற இடம்னு ஒண்ணு இருந்தாத்தானே அதுலே அஞ்சிலே ஒரு பங்கு! என் வண்டி நிக்கப்போறது தெருவிலே, வேப்பமரத்தடியிலே.

இப்போ கணக்குக்கு வர்றேன். எதிரணியோட பெரிய ஆயுதமே கணக்குதான். ‘கிலோமீட்டருக்கு ஒண்ணரை ரூபாய்தான், பெட்ரோல்னா எட்டு ரூபாய்’. இதைச் சொல்லிட்டு அவங்க கைதட்டலுக்கு ஒரு நிமிஷம் நிறுத்தினாங்க. நீங்களும் தட்டினீங்க. நான் தினமும் கடன் கணக்குப் போடறவ, போட்டுக் காட்டறேன். கையிலே பேனா இருக்கிறவங்க குறிச்சுக்கலாம்.

எங்க குடும்பம் மாசம் 500 கிலோமீட்டர் ஓட்டும். ஆபீசுக்கு மின்சார ரயில்லே போறோம். கார் எதுக்கு? ஆஸ்பத்திரி, கல்யாணம், கடை, வருஷத்துக்கு நாலு தரம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஊருக்கு. ஆக வருஷத்துக்கு 6,000 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி ஊருக்குள்ளே லிட்டருக்கு 12 கொடுக்குதுன்னு வெச்சுக்குங்க. 500 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய்னா 50,000 ரூபாய். மின்சார வண்டி யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் போகுதுன்னா 1,000 யூனிட். வீட்டு மீட்டர்லே மேல்படிக்கு ஏறினா யூனிட் பத்து ரூபாயைத் தாண்டும், பத்துன்னே வெச்சுக்குவோம். 10,000 ரூபாய். மிச்சம் 40,000. ஆயில் மாத்தற வேலை, அந்த வேலை இந்த வேலை கிடையாது. சர்வீஸ்லே ஒரு 5,000 மிச்சம்னு நானே சேர்த்துக் கொடுக்கிறேன். மொத்தம் 45,000 ரூபாய் மிச்சம். ஒத்துக்கிட்டேன். எதிரணி சந்தோஷப்படலாம்.

விலை? மின்சார வண்டிக்கு 5 சதவீதம்தான் ஜி.எஸ்.டி., சாலை வரியிலே விலக்கு கொடுத்தாங்க, எல்லாம் சரி. எல்லாச் சலுகையும் போக, வண்டி ரோட்டுக்கு வர்றப்போ அதே அளவு, அதே வசதியுள்ள பெட்ரோல் வண்டியைவிட ஒரு மூணு லட்சம் கூட வருதுன்னு வெச்சுக்குவோம். அந்த மூணு லட்சத்தை நாம கையிலேருந்தா கொடுக்கிறோம்? என்கிட்டே வந்துதானே கடன் வாங்கறீங்க! 9 சதவீத வட்டி, ஏழு வருஷம். மாசம் 4,827 ரூபாய். 84 மாசம் கட்டி முடிச்சுப் பாருங்க, மூணு லட்சம் நாலு லட்சமா வளர்ந்து நிக்கும். நாலு லட்சத்தை நாற்பத்தஞ்சாயிரத்தாலே வகுங்க. கிட்டத்தட்ட ஒன்பது வருஷம்! போட்ட காசு திரும்பி வர்றதுக்கு ஒன்பது வருஷம், பேட்டரி உத்தரவாதம் எட்டு வருஷம். சில கம்பெனிங்க அதைவிட அதிகமாவும் கொடுக்கிறாங்க, ஆனா முதல்லே வாங்கினவருக்கு மட்டும்னு பக்கத்திலே பொடி எழுத்துலே இருக்கும். நடுவிலே கஷ்டம்னு வண்டியை வித்தா?

இருங்க, முடியலே. இது வீட்டிலே ப்ளக் இருக்கிறவங்க கணக்கு. எனக்கு? வெளியிலே வேகமா ஏத்தற இடத்திலேதான் போடணும். அங்கே யூனிட் இருபது ரூபாய்னு வெச்சாலும், என் கரெண்ட் செலவு இருபதாயிரம். மிச்சம் 35,000. நாலு லட்சம் திரும்பி வர பதினோரு வருஷத்துக்கு மேலே! என் பெரிய பொண்ணு இப்போ ஏழாவது படிக்கிறா. அவ வேலைக்குப் போய்ச் சம்பளம் வாங்கறப்போ எனக்கு லாபம் ஆரம்பிக்கும்! (சிரிப்பு, கைதட்டல்)

அதே நேரத்திலே நியாயம்னு ஒண்ணு இருக்கு. இந்த மேடையிலே நின்னு நான் பொய் சொல்ல மாட்டேன். மாசம் 1,500 கிலோமீட்டர் ஓடறவர், சொந்த வீடு, வாசல்லே வண்டி நிக்குது, பக்கத்துச் சுவர்லே ப்ளக் இருக்கு. அவருக்கு வருஷத்துக்கு ஒண்ணே கால் லட்சம் மிச்சம். மூணு வருஷம், மூணரை வருஷத்திலே கடன் அடைஞ்ச மாதிரி. அவர் மின்சாரக் காரே வாங்கட்டும். நாளைக்கு என்கிட்டே கடனுக்கு வந்தாலும் நானே அதைத்தான் சொல்லுவேன். என் அணித் தலைவர் என்னை முறைக்கிறார், பரவாயில்லே. ஆனா ஐயா, தலைப்பு என்ன? ‘குடும்பத்துக்கு’. சொந்த வீட்டுக் குடும்பத்துக்குன்னு போடலே. வாடகை வீட்டிலே இருக்கிறதும் குடும்பம்தான்! (பலத்த கைதட்டல்)

அடுத்தது தூரம். இதை நான் நீட்ட மாட்டேன். நெக்ஸான் மின்சார வண்டியிலே 45 யூனிட் பேட்டரிக்குச் சோதனைக் கணக்கு 489 கிலோமீட்டர். அந்தக் கம்பெனியே நிஜ ரோட்டிலே அதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேலே குறைச்சுத்தான் சொல்லுது. உண்மையைச் சொன்னதுக்கு அவங்களுக்கு ஒரு கும்பிடு. எங்க ஊர் தாம்பரத்திலேருந்து 350 கிலோமீட்டர் கிட்ட. போய்ச் சேரலாம், வழியிலே ஒரு இடத்திலே நிறுத்திக் காப்பி குடிச்சுக்கிட்டே ஏத்திக்கலாம். சாதாரண நாள்லே நடக்கும். பொங்கலுக்கு முன்னாடி நாள் பரனூர் சுங்கச்சாவடியிலே நின்னு பார்த்தவங்களுக்கு நான் மேலே ஒண்ணும் சொல்ல வேண்டியதில்லே. அத்தனை வண்டியும் மின்சார வண்டியாகி, அத்தனை பேரும் ஒரே ஓட்டல் வாசல்லே காப்பி குடிக்கணும்னா, காப்பித் தூளே பத்தாது.

எனக்கு முக்கியம் அது இல்லீங்க. வேற ஒண்ணு. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

2018, நவம்பர் 16. கஜா புயல். வேதாரண்யத்துப் பக்கம் கரையேறி டெல்டாவையே புரட்டிப் போட்டுட்டுப் போச்சு. அப்போ மாமனார் மாமியார் ஊர்லேதான் இருந்தாங்க. தென்னந்தோப்பு மொத்தமும் படுத்துடுச்சு. கரெண்ட் கம்பம் ஒண்ணுகூட நிக்கலே. மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு ரெண்டு தரம் தஞ்சாவூர் போய் டயாலிசிஸ் பண்ணிக்கணும். ஒரு தரம் தவறினா உடம்பெல்லாம் நீர் கோத்துக்கும், மூச்சு வாங்கும். ரெண்டு தரம் தவறினா என்ன ஆகும்னு டாக்டர் எங்ககிட்டே சொல்லியிருந்தார். ரோட்டிலே விழுந்து கிடந்த மரத்தை ஊர்ப் பசங்க அரிவாளாலே வெட்டி வழி பண்ணினாங்க. மாமனார்கிட்டே ஒரு பழைய பெட்ரோல் காரு. அதிலே கூட்டிக்கிட்டுப் போனோம்.

எங்க தெருவுக்குக் கரெண்ட் வர மூணு வாரம் ஆச்சு. மூணு வாரத்திலே ஆறு தரம் தஞ்சாவூர். போக ஐம்பது, வர ஐம்பது. ஆறு தரத்துக்கு அறுநூறு கிலோமீட்டர். ‘முழுசா சார்ஜ் போட்டு வெச்சிருந்தாப் போதுமே’ன்னு எதிரணி கேட்கும்னு தெரியும். அதனாலேதான் கிலோமீட்டரைச் சொன்னேன். ‘தஞ்சாவூர்லே போட்டுக்கலாமே, டயாலிசிஸ் நாலு மணி நேரம் ஆகுமே’ன்னு கேட்பீங்க. நல்ல கேள்வி. இன்னிக்கு அங்கே வசதி இருக்கு. ஆனா அந்த மூணு வாரம் எங்க ஊர்லே செல்போனுக்குச் சார்ஜ் போட நாங்க என்ன பாடு பட்டோம்னு கேளுங்க. ஒருத்தர் வாடகை ஜெனரேட்டர் கொண்டாந்து ஒரு பலகையிலே நாற்பது ப்ளக் அடிச்சு வெச்சார். போனுக்கு இவ்வளவுன்னு காசு. விடியக்காலையிலே போய்ப் போனை வரிசையிலே வெச்சுட்டு வரணும். ஐயா, உள்ளங்கை அகலப் போனுக்கே ஊர் முழுக்க வரிசையிலே நின்னுச்சு. சுத்துப்பட்டுக் கிராமத்துக் காரெல்லாம் தஞ்சாவூர்லே இருக்கிற நாலு சார்ஜர்லே போய் நின்னா, என் மாமியார் முறை எப்போ வரும்?

பெட்ரோல் பங்கிலேயும் கரெண்ட் போச்சு. ஆனா ஜெனரேட்டர் வெச்சுப் போட்டாங்க. அஞ்சு நிமிஷம். அடுத்த வண்டி. மாமியார் இன்னிக்கும் எங்ககூடத்தான் இருக்காங்க. வாரத்துக்கு ரெண்டு தரம் இப்போ தாம்பரத்திலேயே போறோம். இதோ, முதல் வரிசையிலே உட்கார்ந்து, மருமக நேரம் தாண்டிப் பேசறாளேன்னு கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாங்க! (கைதட்டல்)

(நடுவர் மணி அடிக்கிறார்)

ஒரே நிமிஷம் ஐயா. காத்து கெட்டுப்போகுது, பிள்ளைங்க மூச்சு விடணும்னு சகோதரி உருக்கமாக் கேட்டாங்க. என் பிள்ளைக்கும் அதே காத்துதான். கரெண்ட்லே ஓடற வண்டி வாலிலே புகை விடாது, சக்தியையும் வீணாக்காது. பெட்ரோல் இன்ஜின் எரிக்கிறதிலே முக்காவாசி சூடாகவே போயிடுது. இதையெல்லாம் மறுக்கிறவங்க எங்க அணியிலே யாரும் இல்லே. ஆனா புகை குறையணும்னா எதை முதல்லே மாத்தணும்? வருஷத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடிட்டு மீதி நேரம் வேப்பமரத்தடியிலே தூங்கற என் வண்டியையா? விடிஞ்சதிலேருந்து ராத்திரி வரைக்கும் ஓடற பஸ்ஸையா? 2025 ஜூன் கடைசியிலே சென்னையிலே வியாசர்பாடி பணிமனையிலேருந்து 120 மின்சார பஸ் விட்டாங்களே, அதுக்கு நான் எழுந்து நின்னு கைதட்டறேன். பஸ்ஸுக்குப் பணிமனை இருக்கு. பணிமனையிலே ப்ளக் இருக்கு. ராத்திரி அங்கேதான் தூங்குது. அதுக்கு ஹவுஸ் ஓனர் கிடையாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

(நடுவர் மறுபடியும் மணி அடிக்கிறார்)

முடிச்சுட்டேன் ஐயா. எனக்கு அடுத்தாப்லே பேச வர்ற எதிரணித் தம்பி, என்னென்னமோ காகிதம் எல்லாம் எடுத்து வெச்சுக்கிட்டு இருக்கார். அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. ரெண்டாவது மாடி வாடகை வீடு, வண்டி நிக்கிறது எதிர்ச்சாரியிலே வேப்பமரத்தடியிலே, நடுவிலே ரோடு, ரோட்டிலே தண்ணி லாரி போகுது. நான் ஒயரை எந்தப் பக்கமா இழுக்கிறதுன்னு அதை மட்டும் முதல்லே சொல்லிட்டு நீங்க உங்க பேச்சை ஆரம்பிங்க. (நீண்ட கைதட்டல்)